லிண்ட்பிளாட் சமன்பாட்டில் தலைகீழான குறி: என் அனுபவம்

ஒளியால் தூண்டப்பட்டு, சூழலுக்கு ஆற்றலை இழக்கும் இருநிலை அணு ஒன்றின் இயக்கத்தை லிண்ட்பிளாட் சமன்பாட்டின்படி (சூழலோடு ஊடாடும் குவாண்டம் அமைப்பு காலத்தோடு மாறுவதைச் சொல்வது) பைத்தானில் கணக்கிட்டபோது, அணுவின் நிலையை விவரிக்கும் மூன்று அளவுகளில் ஒன்றான சிக்மா ஒய்யின் சராசரி மட்டும், அவ்வளவுகளின் மாற்றத்தை நேரடியாகச் சொல்லும் பிளாக் சமன்பாடுகள் தரும் விடைக்கு நேரெதிர்க் குறியுடன் வந்தது. அணுவின் நிலையைக் குறிக்கும் அடர்த்தி அணியின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை 1 ஆகவே இருந்தது. நிகழ்தகவுகளாக இருக்க வேண்டிய அதன் ஐகன் மதிப்புகள் குறையெண் ஆகவில்லை. கிளர்நிலையின் நிகழ்தகவும் சரியாகவே பொருந்தியது.

காலப்படியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தும், சிதைவு வீதத்தை மாற்றியும் பயனில்லை. அணுவின் ஆற்றலைக் குறிக்கும் அணியான ஹாமில்டோனியனின் குறியை மாற்றியதும் எல்லாம் சரியானதால் நான்கு நாட்கள் அதை நம்பியிருந்தேன். ஆனால் சிக்மா ஒய் வழியாகத் தூண்டியபோது, இம்முறை சிக்மா எக்ஸின் குறி தவறியது.

கடைசியில், முதல் நிரை இரண்டாம் நிரலில் மட்டும் 1 உள்ள அணியை, கணக்கீட்டில் அடர்த்தி அணியை விரிப்பதைப் போலவே, ஒரே நீளப் பட்டியலாக விரித்துப் பார்த்தேன். அந்த 1 மூன்றாம் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் இடத்தில் இருந்தது. சமன்பாட்டை அந்தப் பட்டியலுக்கு ஏற்ற ஒரே பெரிய அணியாக மாற்ற நான் பயன்படுத்திய குரோனெக்கர் பெருக்கல் வாய்பாடு நிரல் நிரலாக அடுக்குவதற்கு உரியது. பைத்தானின் அணிக்கணக்குத் தொகுப்பான நம்பையோ, வேறு சொல்லாவிட்டால் நிரை நிரையாகவே அடுக்கும். ஆகவே, அடர்த்தி அணிக்குப் பதிலாக அதன் நிரை-நிரல் மாற்று அணியே இயங்கியிருக்கிறது; அதில் சிக்மா ஒய்யின் சராசரி மட்டும் குறி மாறும். இவ்வணிக்கும் கூட்டுத்தொகையும் ஐகன் மதிப்புகளும் மாறாதவை என்பதால்தான், நான் வைத்திருந்த சோதனைகள் எதிலும் பிழை சிக்கவில்லை. மெய்யெண்களால் ஆன ஹாமில்டோனியனுக்கு, குறியை மாற்றுவதே இப்பிழையைச் சரியாக ஈடுகட்டிவிடுகிறது.

விரிக்கும் இடத்திலும் மீட்கும் இடத்திலும் அடுக்குமுறையை 'எஃப்' (நிரல் நிரலாக) என்று குறிப்பிட்டு, ஹாமில்டோனியனின் பழைய குறியையும் மீட்டேன். இரண்டு தூண்டல்களுக்கும் விடை பொருந்தியதைக் கண்ட பிறகே நிம்மதி வந்தது.