அசையாத கையை இ.இ.ஜி.யில் தேடுவது எப்படி?

வலது கையை இறுக மூடுவதாக மனதில் நினைத்துப் பாருங்கள். விரல் அசையக் கூடாது. அந்த நேரத்தில் மூளையின் இடப்பக்கம், உச்சிக்கும் காதுக்கும் நடுவே, 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான மியூ எனப்படும் மூளை அலையின் வலு குறையும். இடது கையை நினைத்தால் வலப்பக்கம் குறையும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லரின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். நாம் இ.இ.ஜி.யில், அதாவது தலையில் வைத்த மின்முனைகள் பதியும் மூளையின் மின் அலைகளில், தேடப்போவதும் இந்தச் சரிவைத்தான். இதற்குக் கருவி வாங்க வேண்டாம், சாதாரண லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தான் நிரலாக்கமும் போதும்.

1. தரவை இறக்குங்கள். ஃபிசியோநெட் தளத்தில் 109 பேரின் பதிவுகள் இலவசமாக இருக்கின்றன. 64 மின்முனைகள், நொடிக்கு 160 அளவீடுகள். எம்என்இ என்ற பைத்தான் தொகுப்பே அவற்றை இறக்கித் தரும். ஒவ்வொருவரின் பதிவும் பல ஓட்டங்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, இருக்கும். ஒருவரின் 4, 8, 12-ஆம் ஓட்டங்களை மட்டும் எடுங்கள். அவற்றில் இடது கை, வலது கை பற்றிய கற்பனை முயற்சிகள் மொத்தம் 45 இருக்கும். பதிவில் உள்ள குறிகளில் டி1 என்றால் இடது, டி2 என்றால் வலது. ஆனால் 6, 10, 14-ஆம் ஓட்டங்களில் அதே டி1 இரண்டு கைகளையும், டி2 இரண்டு பாதங்களையும் குறிக்கும். இரண்டு வகையையும் கலந்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

2. சுத்தம் செய்யுங்கள். மின்முனைப் பெயர்களின் பின்னால் ஒட்டியிருக்கும் புள்ளிகளை நீக்கி, 7 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். கண் சிமிட்டலின் மெதுவான அலைகளில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

3. முதலில் கண்ணால் பாருங்கள். பலர் இதைத் தாண்டி நேராக வகைப்படுத்திக்கு (இடதா வலதா என்று முடிவு சொல்லும் நிரலுக்கு) ஓடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். சி3 (இடப்பக்கம்), சி4 (வலப்பக்கம்) என்ற, உச்சிக்கும் காதுக்கும் நடுவே உள்ள மின்முனைகளில் ஓய்வு நேர அலைவலுவையும் கற்பனை நேர அலைவலுவையும் ஒரே படத்தில் வரையுங்கள். சிலரிடம் 10 ஹெர்ட்ஸை ஒட்டிய மேடு தெளிவாக இறங்கும், சிலரிடம் ஒன்றுமே தெரியாது. அது அவர்கள் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை. பத்துப் பேரையாவது பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. துண்டு போடுங்கள். திரையில் இலக்கு தோன்றிய 0.5 நொடியிலிருந்து 3.5 நொடி வரை வெட்டுங்கள். முதல் அரை நொடியில் இலக்கைப் பார்த்ததற்கான எதிர்வினை அதிகம்.

5. சிஎஸ்பி, எல்டிஏ. மண்டையோட்டைத் தாண்டி வரும் சமிக்ஞை ஒவ்வொரு மின்முனையிலும் கலந்தே வரும். ஒரு கைக்கு ஏற்ற இறக்கம் மிகுந்தும் மறு கைக்குக் குறைந்தும் இருக்கும்படி 64 மின்முனைகளுக்கும் எடை போட்டுத் தரும் கணக்கு முறைதான் சிஎஸ்பி. அப்படி நான்கு கலவைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மாறுபாட்டுக்கும் மடக்கை கண்டு, எல்டிஏ என்ற எளிய வகைப்படுத்தியிடம் கொடுங்கள். அது இடது கை முயற்சிகளுக்கும் வலது கை முயற்சிகளுக்கும் நடுவே ஒரு கோடு போடும்.

6. நேர்மையாகச் சோதியுங்கள். சிஎஸ்பி லேபிள்களை, அதாவது எந்த முயற்சி இடது, எது வலது என்ற விடைகளை, பார்த்துக் கற்கிறது. 45 முயற்சிகளையும் அதற்குக் காட்டிவிட்டு, அப்புறம் குறுக்குச் சரிபார்ப்பு (முயற்சிகளைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதிப்பது) செய்தால் வரும் எண் பொய். சரிபார்ப்பின் ஒவ்வொரு சுற்றிலும் பயிற்சிப் பகுதியை மட்டும் வைத்து சிஎஸ்பி புதிதாகக் கற்க வேண்டும். 62 சதவீதம் வந்ததும் கொண்டாட வேண்டாம். பூவா தலையா போட்டாலே 45-ல் 28 அல்லது அதற்கு மேல் தலை விழுவது நூற்றில் ஏழு தடவை நடக்கும்.

7. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எனக்கு மிக முக்கியமான படி இது. இந்தச் சோதனையில் இடது கைக்கான இலக்கு திரையின் இடப்பக்கமும், வலது கைக்கானது வலப்பக்கமும் தோன்றும். கவனம் ஒரு பக்கம் திரும்பினால் பின்மண்டையின் ஆல்ஃபா அலையும் இடம் வலமாக மாறும். அதுவும் அதே 8 முதல் 13 ஹெர்ட்ஸ்தான்! ஆகவே சிஎஸ்பி தரும் தலை வரைபடங்களை வரைந்து பாருங்கள். நிறம் சி3, சி4 அருகே குவிந்திருந்தால் கையின் கற்பனை கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு. பின்மண்டையில் குவிந்திருந்தால், 80 சதவீதம் வந்தாலும், உங்கள் நிரல் பெரும்பாலும் பார்வையைத்தான் படிக்கிறது. அப்போது பின்பக்க மின்முனைகளை நீக்கிவிட்டு ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.