நிறுவியும் 'காணவில்லை' என்கிறதா? தேடிய இடத்தைப் பாருங்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு மேசையில் ஒரு மேக், ஒரு விண்டோஸ், உபுண்டு போட்ட ஒரு பழைய கணினி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் எழுதிவரும் எழுத்துப் பயிற்சிச் செயலி மூன்றிலும் ஓட வேண்டும். எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ், வரைய ஃப்ரீடைப் என்று இரண்டு லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுதிகள்) அதற்குத் தேவை. ஹார்ஃப்பஸ் இல்லாவிட்டால் 'கெ' எழுதும்போது கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு அப்படி ஓர் எழுத்தைக் காட்ட எனக்கு மனம் வராது.

லைப்ரரிகளைத் தேடிப் பிடித்து, செயலியைத் தொகுக்க ஏற்பாடு செய்யும் கருவி சிமேக். போன வாரம் உபுண்டுவில் அது, ஹார்ஃப்பஸைக் காணவில்லை என்று நின்றுவிட்டது. நிறுவித்தானே இருக்கிறேன் என்று பார்த்தால், கணினியில் இருந்தது லிப்ஹார்ஃப்பஸ்0பி மட்டும். அது நிரல் ஓடுவதற்குப் போதும், தொகுப்பதற்குப் போதாது. தொகுக்கும்போது தேவைப்படும் ஹெடர் கோப்புகள் லிப்ஹார்ஃப்பஸ்-டெவ் பொதியில்தான் வரும். உபுண்டு, டெபியன் என்றால் முதலில் இந்த 'டெவ்' இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, நிறுவிய லைப்ரரிகளின் விவரம் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் ஹார்ஃப்பஸின் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். எண் வந்தால் லைப்ரரி சரியாக இருக்கிறது, சிக்கல் சிமேக் தேடும் விதத்தில்.

காணவில்லை என்பதைவிடக் கொடுமை, தவறான ஒன்றைக் கண்டுபிடிப்பது. மேக்கில் எனக்கு நடந்தது அதுதான். மேக்கில் லைப்ரரிகளை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ, இன்டெல் சில்லு உள்ள மேக்கில் யூஎஸ்ஆர்/லோக்கலில் உட்காரும். ஆப்பிளின் சொந்தச் சில்லான ஆப்பிள் சிலிக்கானில் ஆப்ட்/ஹோம்ப்ரூவில். பழைய மேக்கிலிருந்து எல்லாவற்றையும் புதியதுக்கு மாற்றியபோது இன்டெல் ஃப்ரீடைப்பும் கூடவே வந்துவிட்டது. என் சிமேக் கோப்பிலோ பழைய பாதையை நானே எழுதி வைத்திருந்தேன். தொகுத்த துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர், சில்லின் கட்டமைப்பு பொருந்தவில்லை என்று கத்தியது. மறுபடி மறுபடி நிறுவி ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சிமேக் 3.17 முதல் 'டீபக்-ஃபைண்ட்' என்ற விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் எந்தெந்த அடைவில் தேடியது, எங்கே எடுத்தது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். அதைப் படித்த பிறகுதான் பழைய பாதை என் கண்ணில் பட்டது.

பாதையைத் திருத்தினேன், அப்புறமும் பழையதே வந்தது. ஒருமுறை கண்டுபிடித்த பாதையை சிமேக் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும், மறுபடி தேடாது. 3.24 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் 'ஃப்ரெஷ்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். அதற்கு முந்தையது என்றால் பில்ட் அடைவையே அழித்துவிடுங்கள்.

விண்டோஸில் லைப்ரரிகளை நிறுவ விசிபிகேஜி வைத்திருந்தால், அவற்றை எங்கே தேடுவது என்று சிமேக்குக்குச் சொல்லும் அதன் டூல்செயின் கோப்பை முதல் தடவை கான்ஃபிகர் செய்யும்போதே கொடுக்க வேண்டும். பிறகு சேர்த்தால் பயனில்லை, இங்கேயும் பில்ட் அடைவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு உபுண்டுவில் ஃப்ரீடைப் மட்டும் அடம்பிடித்தது. சிமேக் கோப்பில் அதன் ஆங்கிலப் பெயரின் நடுவில் வரும் 'டி'யைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பெயரை வைத்துத்தான் சிமேக் கோப்பைத் தேடும். மேக்கின் வழக்கமான கோப்பு முறைமை பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். 'டி'யைச் சிறிதாக்கி ஓட்டினேன். கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நின்றது.