வானம் தோண்டும்போதே தடை கேளுங்கள்

குடியிருப்புத் தெருவில் வெல்டிங் பட்டறை, பொதுப்பாதையை அடைத்துச் சுவர், பக்கவாட்டு இடைவெளி விடாமல் கட்டிடம்: திருநெல்வேலியின் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எங்கும் இந்தத் தகராறுதான். தடையுத்தரவு கிடைப்பது பெரும்பாலும் எப்போது கோர்ட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே போனால், இருக்கிற நிலையைக் காப்பாற்றக் கேட்கலாம். தளம் போட்டபிறகு இடிக்கச் சொல்லித்தான் கேட்க முடியும். அதற்கு நீதிமன்றம் எளிதில் இசையாது. கண்முன்னே கட்டும்போது சும்மா இருந்தீர்களே என்று எதிர்த்தரப்பும் கேட்கும்.

அனுமதி இல்லாத கட்டுமானம் என்றால், மாநகராட்சிக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அன்றே பதிவுத் தபாலில் (இப்போது பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்) புகார் அனுப்புங்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் அவர்களுக்கு நடவடிக்கை எடுக்கவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் தருகின்றன. ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட அதுதான் அடிப்படை.

சிவில் வழக்குக்குக் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல், வரி ரசீது வேண்டும். போனில் எடுத்த படங்களுக்கு 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். பட்டா மட்டும் உரிமைக்கு ஆதாரம் ஆகாது. இடமே தன்னுடையது என்று எதிராளி உரிமையில் சந்தேகம் கிளப்பியிருந்தால், வெறும் தடை கேட்ட வழக்கு நிற்காது. உரிமை விளம்புகையும் (சொத்து உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது) சேர்த்துக் கேட்கவேண்டும். உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நல்ல வழக்குகள் பலவும் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

பிராதில் (வழக்கு மனுவில்) சொத்து விவரம் துல்லியமாக இருக்கட்டும்: சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, பாதையின் நீள அகலம். 'தொந்தரவு செய்யக்கூடாது' என்று பொதுவாகக் கேட்டால், மீறலை நிரூபிக்க முடியாது. எந்த இடத்தில், எந்த வேலை என்று எழுதுங்கள். பிராதோடு சேர்த்தே இடைக்காலத் தடை மனுவும், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையர் கேட்டு ஒரு மனுவும் போடுங்கள். இன்று எத்தனை வரிசை கல் ஏறியிருக்கிறது என்ற ஆணையரின் அளவும் வரைபடமும் பின்னால் வலுவான சாட்சி.

முகாந்திரம் (மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் நியாயம் இருப்பது), சமநிலை வசதி (தடை மறுத்தால் யாருக்கு அதிகச் சிரமம் என்பது), பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஆகிய மூன்றையும் அபிடவிட்டில் (உறுதிமொழி வாக்குமூலத்தில்) தனித்தனியாகக் காட்டவேண்டும். எதிராளிக்குச் சொல்லாமலே தடை கிடைத்தால் மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பிராது, மனு, அபிடவிட், ஆவண நகல்களை உடனே பதிவுத் தபாலில் எதிராளிக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான அபிடவிட் தாக்கல் செய்யவேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 3 இது. தவறினால் தடையே போய்விடலாம். என்னைக் கேட்காமல் உத்தரவிடக்கூடாது என்று எதிராளி முன்கூட்டியே கேவியட் போட்டிருந்தால் அறிவிப்பு கொடுத்தாகவேண்டும். கேவியட் 90 நாள் செல்லும்.

கலெக்டர், தாசில்தார் பிரதிவாதி என்றால் அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்து 2 மாதம் காத்திருக்கவேண்டும். அவசரமென்றால் கோர்ட் அனுமதியோடு முன்பே தாக்கல் செய்யலாம். ஆனால் அரசுத் தரப்பைக் கேட்காமல் தடை கிடைக்காது.

தடையை மீறிக் கட்டினால் தேதியிட்ட படங்களோடு கட்டளை 39, விதி 2-ஏ மனு போடுங்கள். சொத்து ஜப்தியும் 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு. போலீஸ் பாதுகாப்புக்குத் தனி மனு வேண்டும். உத்தரவு நகலை மட்டும் ஸ்டேஷனில் நீட்டினால், சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.