சுங்கை சிப்புட்டிலிருந்து பாரியோவுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் குளிர் மலை என்றால் கேமரன் மலைதான். காலையில் பசியாறிவிட்டுக் காரில் ஏறினால் மத்தியானத்துக்குள் தேயிலைக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பாரியோ அப்படியல்ல. போர்னியோ தீவிலிருக்கும் நம் மாநிலமான சரவாக்கின் வடகிழக்கில், இந்தோனேசிய எல்லைக்குப் பக்கத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு அது. கெலாபிட் என்ற பழங்குடி மக்களின் மண். நடுவில் நெல் வயல், சுற்றிலும் காட்டு மலை, ஒரு சின்ன விமான ஓடுபாதை.

“அங்கே போவது ரொம்பக் கஷ்டமா?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பால்மரக் காட்டில் நடந்து பழகிய கால்களுக்கு அந்த நடை பெரிய விஷயமில்லை. ஏற்பாட்டை வரிசை மாற்றிச் செய்தால்தான் சிக்கல். அதனால் வரிசைப்படியே சொல்கிறேன்.

1. முதலில் தங்கும் வீடு, அப்புறம் டிக்கெட்

பாரியோவில் பெரிய ஓட்டல்கள் கிடையாது. கெலாபிட் குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேயில்தான் தங்க வேண்டும். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீடுகள் சிலவற்றிலும் இடம் தருவார்கள். பாரியோ அசால் என்ற நீள்வீடு இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடு, அருங்காட்சியகம் அல்ல. முதலில் வீட்டுக்காரரிடம் பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவது, காட்டு வழிகாட்டி எல்லாம் பெரும்பாலும் அவர் மூலமாகவே அமையும். தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டோடு சேர்த்தே சொல்வார்கள். வழிகாட்டிக்குத் தனிக் கூலி. அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் அப்போதே பேசிவிடுவது நல்லது. காட்டுப்பன்றி, மான், சில சமயம் எருமை இறைச்சி எல்லாம் அங்கே சாதாரணம். மாட்டிறைச்சி தொடாதவர்களும் புரட்டாசி விரதக்காரர்களும் முன்கூட்டியே சொன்னால் காட்டுக்கீரை, சோறு, அன்னாசி என்று நன்றாகவே சமைத்துப் போடுவார்கள். இலையில் பொதிந்து வரும் குழைந்த சோற்றுக்கு நூபா லாயா என்று பெயர். அதைச் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள்.

2. ஐ.சி. (அடையாள அட்டை) பத்திரம்

நம் நாட்டுக்குள்ளேயே பயணம் என்றாலும் சரவாக்கில் இறங்கியதும் குடிநுழைவு முகப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். 1963இல் மலேசியா உருவானபோது சரவாக் தன் கையில் வைத்துக்கொண்ட உரிமை அது. தீபகற்பத்துக் குடிமக்களுக்கு மைகார்ட் என்ற அடையாள அட்டை போதும். 90 நாள் வரை தங்க அனுமதி கிடைக்கும். கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தால் திரும்பும் வரை பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்துப் போங்கள். நம் தோட்டப் பக்கத்தில் இன்னும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே குடிநுழைவுத் துறையில் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று விசாரித்துவிட வேண்டும்.

3. ரயில், பெரிய விமானம், குட்டி விமானம்

சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ ரயில் ஏறிக் கோலாலம்பூர். அங்கிருந்து சரவாக்கின் மிரி நகருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அன்றே பாரியோவுக்கு ஏற நினைக்காமல் மிரியில் ஓர் இரவு தங்குங்கள். நேரம் இருந்தால் கனடா குன்றில் 1910இல் தோண்டிய நாட்டின் முதல் எண்ணெய்க் கிணற்றைப் பார்க்கலாம்.

மிரியிலிருந்து பாரியோவுக்கு ட்வின் ஓட்டர் விமானம்; பத்தொன்பது பேர் உட்காரலாம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். பல வருடமாக மாஸ்விங்ஸ் ஓட்டிய வழி இது. அந்த நிறுவனத்தை வாங்க சரவாக் அரசு 2025இல் ஒப்பந்தம் போட்டது. அதனால் டிக்கெட் தேடும்போது சரவாக் அரசின் விமான நிறுவனமான ஏர்போர்னியோவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இந்த விமானத்தில் எடைதான் எல்லாம். பையை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி நிறுத்துவார்கள். கூச்சப்பட வேண்டாம், எல்லாருக்கும் அதே கதிதான். பைக்கு 10 கிலோ என்பதுதான் வழக்கமான கணக்கு. அடுத்தது வானிலை. பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிவிட்டால் விமானம் இறங்காது. அன்றைய பயணம் ரத்தாகலாம். எனவே திரும்பும் நாளுக்கும் கோலாலம்பூர் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாளாவது சும்மா விடுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று ஞாயிறு மாலை டிக்கெட் போடுகிறவர்களுக்குப் பாரியோ சரிப்படாது.

மரம் வெட்டும் கம்பெனிச் சாலை வழியாக ஃபோர் வீலிலும் போகலாம். பத்து மணி நேரத்துக்கு மேல் உடம்பு குலுங்கும். முதல் தடவைக்கு வேண்டாம்.

4. பையில் என்ன வைப்பது

10 கிலோவுக்குள் என்பதால் பட்டியல் சிறியதுதான். ராத்திரி குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, டார்ச், மருந்து. வங்கியையோ பணம் எடுக்கும் இயந்திரத்தையோ நம்பாமல் மிரியிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறை நோட்டாக.

காலுக்கு விலை உயர்ந்த மலையேறும் பூட்ஸ் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து இருக்கிறதே, அடிடாஸ் கம்போங் என்று கிண்டலாகச் சொல்வோமே, அதுதான் போர்னியோ காட்டு வழிகாட்டிகளின் காலிலும் இருக்கும். அடியில் முள் முள்ளாக இருப்பதால் சேற்றில் வழுக்காது. தண்ணீர் புகுந்தால் கழற்றிக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். பெரிய சப்பாத்துக் கடையில் கேட்டால் விழிப்பார்கள். நம் ஊர்ச் சாமான் கடையிலேயே கிடைக்கும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையும் ஒரு ஜோடி வேண்டும். மழை விட்ட காட்டில் இலை நுனிகளில் அட்டை தலையை ஆட்டிக்கொண்டு காத்திருக்கும்.

மது பாட்டில் வேண்டாம். கெலாபிட் மக்கள் ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர்கள், குடியை விட்டவர்கள். ஞாயிறு தேவாலய நாள். அன்றைக்கு வழிகாட்டி தேட வேண்டாம்.

5. போன பிறகு எதைப் பார்ப்பது

முதல் நாள் சும்மா வயல் வரப்பில் நடங்கள். பாரம்பரிய முறையில் வருடத்துக்கு ஒரு போகம்தான்; பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் நடவு, வருடக் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை அறுப்பு. பச்சை வேண்டுமா, பொன் நிறம் வேண்டுமா என்று பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் நாள் பா உமோர் என்ற கிராமம். எனக்குப் பாரியோவில் மிகவும் பிடித்தது அங்கிருக்கும் உப்பு ஊற்றுதான். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், மலை மேல், மண்ணுக்கடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறுகிறது. அதை மொண்டு பெரிய இரும்புத் தட்டில் ஊற்றி, கீழே கட்டைகளை அடுக்கி மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். கொட்டகைக்குள் புகையும் ஆவியும் கண்ணைக் கரிக்கும். தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் வெள்ளை படியும். பால்கோவா கிண்டுகிற மாதிரி பதம் பார்த்து விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அந்த உப்பை இலையில் சுற்றி விற்கிறார்கள். கீரைக்குப் போட்டுப் பாருங்கள், கடல் உப்பின் முரட்டுக் கரிப்பு இருக்காது.

விலங்குகளைப் பொறுத்தவரை ஆசையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். போர்னியோவில் புலி கிடையாது. பூலோங் தாவ் தேசியப் பூங்கா பக்கத்துக் காடுகளில் தேன்கரடி, படைச்சிறுத்தை, கேளையாடு எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆள் அரவம் கேட்டதும் விலகிவிடும். கண்ணில் படக்கூடியவை பறவைகளும் செடிகளும்தான். சரவாக்கின் சின்னமான காண்டாமிருக இருவாச்சி பறந்தால், பார்ப்பதற்கு முன்பே சிறகின் இரைச்சல் கேட்கும். மணல் மண்ணில் வளரும் குட்டைக் காட்டில் பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் தரையோடு கிடக்கும், மிதித்துவிடாதீர்கள்.

கல் சின்னங்களையும் விடாதீர்கள். காட்டுக்குள் பெருபுன் என்ற பெரிய கற்குவியல்களைக் காட்டுவார்கள். வாரிசு இல்லாத பணக்காரர்கள், தாங்கள் போன பிறகு சொத்துக்குச் சண்டை வரக்கூடாது என்று சாமான்களை அடியில் புதைத்துக் கல்லைக் குவிக்கச் சொன்னார்களாம். சொத்துத் தகராறு பார்த்த குடும்பத்துக்காரர்கள் அங்கே கொஞ்சம் நின்று யோசிப்பார்கள்!

6. போகும் முன் கொஞ்சம் சரித்திரம்

1945 மார்ச் 25 அன்று, சரவாக் ஜப்பான்காரன் கையில் இருந்தபோது, டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் சில வீரர்களோடு இந்தப் பள்ளத்தாக்கில் பாராசூட்டில் குதித்தார். ஜப்பான்காரனுக்கு எதிரான ரகசியப் போர் நடவடிக்கையான ஆபரேஷன் செமுட் அங்கிருந்துதான் தொடங்கியது. கெலாபிட் மக்கள் அவர்களுக்குச் சோறு போட்டு, சேர்ந்து போராடினார்கள். விமானிகளுக்கு அடையாளம் காட்டியது பத்து லாவி என்ற இரட்டைச் சிகரம். உயரமானது 2,046 மீட்டர். வீரர்களை இறக்கிவிட்டுக் கிளம்பிய விமானங்களில் ஒன்று தளம் போய்ச் சேரவில்லை. அதன் குழுவின் நினைவாக ஹாரிசன் 1946இல் அந்த மலையில் ஒரு தகடு பதித்தார். வானம் தெளிந்தால் விமானத்திலிருந்தே சிகரம் தெரியும். ஏறுவதற்குப் பல நாள் காட்டுப் பயணம் வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு அல்ல.

1963இல் இந்தோனேசியாவோடு மோதல் வந்ததும் எல்லையோரக் கிராமத்து மக்களைப் பாரியோவுக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். நம் ஊரில் 1948 ஜூன் 16 அன்று மூன்று துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) சுடப்பட்ட பிறகு அவசரகாலம் வந்ததும், லயங்களைப் பெயர்த்து முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்ததும் பாட்டி தாத்தா வாயால் கேட்ட கதைதானே. நீள்வீட்டு அடுப்படியில் பெரியவர்கள் இருந்தால் எங்கள் பக்கத்திலும் இப்படித்தான் என்று மலாயில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் பேச்சை நீங்கள் இழுக்க வேண்டியதில்லை.

7. திரும்பும்போது

பாரியோ அரிசி வாங்காமல் யாரும் வருவதில்லை. சின்ன மணி, மெல்லிய வாசம், வடித்தால் மிருதுவாக இருக்கும். ரசத்துக்கு நன்றாகச் சேரும், பிரியாணிக்குச் சரிவராது. ஆனால் அதே 10 கிலோ கணக்கு திரும்பவும் உண்டு. போகும்போதே பையில் இரண்டு மூன்று கிலோவுக்கு இடம் விட்டுப் போங்கள். உப்புப் பொட்டலத்தை நனையாமல் பிளாஸ்டிக்கில் கட்டுங்கள். காலையில் மேகம் மூடியிருந்தால் அறையைக் காலி செய்ய அவசரப்படாமல், விமானம் மிரியிலிருந்து கிளம்பிவிட்டதா என்று வீட்டுக்காரரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.