நோத்ர தாமில் எது பழசு, எது புதுசு?

பாரிஸுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு ஊர் காட்டும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். எல்லோரும் நேரே நோத்ர தாம் பேராலயத்துக்குப் போகத் துடிப்பார்கள். நான் முதலில் க்ளூனி அருங்காட்சியகத்துக்குத்தான் கூட்டிப்போவேன். திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே மூக்குடைந்த கல் தலைகள் வரிசையாக இருக்கும். நோத்ர தாம் முகப்பில் நின்ற, பைபிளில் வரும் யூதா அரசர்கள் இவர்கள். பிரெஞ்சு மன்னர்கள் என்று நினைத்து 1793இல் புரட்சிக்காரர்கள் இறக்கி உடைத்தார்கள். 1977இல் ஒரு கட்டட வேலைக்குத் தோண்டும்போது 21 தலைகள் கிடைத்தன. கிட்டப் போய்ப் பாருங்கள். சிலவற்றில் பழைய வண்ணம் லேசாக ஒட்டியிருக்கும். இடைக்காலச் சிற்பம் என்றாலே வெறும் சாம்பல் கல் என்ற நினைப்பு அங்கேயே கழன்றுவிடும்.

அப்புறம் பத்து நிமிட நடை, பேராலயம். மதியத்துக்கு மேல் போனால் முகப்பில் வெயில் விழும். வாசல்களுக்கு மேலே 28 அரசர்கள், எல்லோருக்கும் முழுத் தலை. அப்படியென்றால் 19ஆம் நூற்றாண்டு வேலை. இன்னும் மேலே கோபுரங்களைப் பாருங்கள். கழுத்தை வெளியே நீட்டியிருக்கும் விலங்குகள், நம் கோயில் கோமுகி போலத் தண்ணீரை வடிப்பவை. இடைக்காலத்திலேயே இருந்த ஏற்பாடு. கன்னத்தில் கைவைத்து, நாக்கை நீட்டி ஊரை வேடிக்கை பார்க்கும் பூதத்துக்கு அந்த வேலை இல்லை. அது 19ஆம் நூற்றாண்டில் பேராலயத்தைப் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர் வியொலே லெ துக்கின் கற்பனை. 2019 தீயில் விழுந்த ஊசிக்கோபுரமும் அவர் 1859இல் எழுப்பியதுதான். அதே வடிவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடத்தை 1831இல் விக்டர் ஹ்யூகோவின் நாவல் எல்லோர் வாயிலும் பேச்சாக்கியது. 1844இல் பழுதுபார்க்கும் பொறுப்பு லஸ்ஸு என்ற இன்னொரு கட்டடக் கலைஞருக்கும் வியொலே லெ துக்குக்கும் போனது. அந்தத் தலைமுறை கனவில் கண்ட இடைக்காலம் அந்தப் பூதத்தின் முகத்தில்தான் இருக்கிறது. நான் அதையும் ஒரு ஆவணமாகவே பார்க்கிறேன்.

இன்னொரு நாள் கையிலிருந்தால் 13ஆம் எண் மெட்ரோவில், பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகள் உள்ள சென் தெனி ஆலயம். படுத்த நிலையில் மன்னர் சிலைகள். புரட்சியின்போது இவற்றில் பலவற்றைக் காப்பாற்றியவர் அலெக்சாந்தர் லெனுவார். 1795 முதல் 1816 வரை பாரிஸில் தன் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார். சிறுவனாக அங்கே சுற்றிய மிஷ்லே பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியர் ஆனார். ஆலயத்துக்குள் நுழையக் காசில்லை. கல்லறைகளுக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள்.