துணியில் தங்கிய வாசனையைக் காப்பாற்ற

மறைந்துபோன ஒருவரின் வாசனையைக் காப்பாற்ற நினைத்தால், அவர் கடைசியாக உடுத்திய துணியைத் துவைக்காமல், இறுக மூடும் சுத்தமான கண்ணாடிச் சாடியில் இட்டு, வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். காலர், தலையணை உறையின் நடுப்பகுதி போல உடம்போடு ஒட்டிக் கிடந்த துணியே சிறந்தது.

வாசனை என்பது துணியிலிருந்து ஓயாமல் ஆவியாகிப் பறக்கும் மூலக்கூறுகள்தான். திறந்த அலமாரியில் அவை கரைந்துபோகும், பக்கத்துத் துணிகளின் சோப்பு வாடையும் ஏறிவிடும். பிளாஸ்டிக் பைக்கோ தனக்கென்று ஒரு வாடை உண்டு. பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்னும் இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகின்றன. வாசனையோ உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகச் செல்கிறது. புகைப்படம் தராத நெருக்கத்தை ஒரு சட்டை தருவது இதனால்தான்.

திறந்தால் இரண்டு மூச்சு போதும், உடனே மூடிவிடுங்கள். அதற்கு மேல் முகர்ந்தாலும் மூக்கு பழகிவிடும், வாசனைதான் வீணாகும்.

ஈரமோ வியர்வைப் பிசுபிசுப்போ இருக்கும் துணிக்கு இது ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே மூட வேண்டும். துக்கம் இன்னும் பச்சைப் புண்ணாக இருக்கிறவர்கள் இப்போதைக்குச் சாடியை மூடி வைத்தால் மட்டும் போதும், திறக்க அவசரமில்லை.