தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பையில் ஒரு மடக்குக் கத்தி

விசா, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று பெரிய காரியங்களுக்கெல்லாம் யாராவது வழி சொல்லிவிடுகிறார்கள். மடக்குக் கத்தி மாதிரிச் சின்னப் பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வந்திறங்குகிறவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர் "இங்கே வழிப்பறி அதிகமாமே" என்று பயந்து, நீளமான கத்தியாகப் பார்த்து வாங்குகிறார்கள். வேறு சிலர் ஊரிலிருந்து கொண்டுவந்த பேனாக்கத்தியைக்கூட வெளியே எடுக்கப் பயந்து பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு தரப்பின் பயமும் போய்விடும்.

இந்தியாவில் நமக்குப் பழகிய கணக்கு அளவுக் கணக்கு. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் ஆயுத விதிகளுக்குள் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. இங்கே அப்படி அளவுகோல் கிடையாது. இங்குள்ளது 2013ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2014 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தது. தவறான காரியத்துக்குப் பயன்படுத்தினால் உயிரைப் பறிக்கவோ பலத்த காயம் உண்டாக்கவோ கூடிய எந்தப் பொருளும், துப்பாக்கி தவிர, இதன்படி ஆபத்தான ஆயுதம்தான். அதற்காக அதை வைத்திருப்பதே குற்றம் என்று ஆகிவிடாது. தவறான காரியத்துக்குத்தான் வைத்திருக்கிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்க இடம்கொடுக்கும் சூழ்நிலையில் அதை வைத்திருந்தால்தான் குற்றம். தண்டனை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை.

அந்தச் சந்தேகத்தை எதை வைத்து எடைபோட வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது: இடமும் நேரமும், அந்த ஆளின் நடத்தை, பொருளைக் கொண்டுசென்ற அல்லது காட்டிய விதம், போதைமருந்து வியாபாரம், கும்பல் சம்பந்தம் போன்றவை. அப்புறம் மூன்று விலக்குகள். சட்டபூர்வமான வேலைக்காக வைத்திருப்பது, சமய, பண்பாட்டு நிகழ்ச்சியிலோ விளையாட்டிலோ பொழுதுபோக்கிலோ முறையாகக் கலந்துகொள்வதற்காக வைத்திருப்பது, சேகரிப்புக்காகவும் காட்சிக்காகவும் வைத்திருப்பது. கோயில் வேலைக்கு வருகிற சிற்பியின் உளிகளும் உணவக வேலைக்கு வருகிற சமையல்காரரின் கத்திகளும் முதல் விலக்கில் அடங்கும். காவடி நாளில் கோயிலில் எலுமிச்சை அறுக்கிற கத்தி இரண்டாவதில் வரும். ஆனால் விலக்கு அந்த வேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. சமையல்காரர் வேலை முடிந்து வரும் வழியில், பெரிய கத்தியைத் துணிச்சுருளில் கட்டாமல் கார் இருக்கையில் அப்படியே போட்டுக்கொண்டு மதுக்கடை வாசலில் நின்றால், "நான் சமையல்காரன்" என்பது எவ்வளவு தூரம் எடுபடும்?

இப்போது பாதுகாப்பு விஷயம். இதை அழுத்தியே சொல்கிறேன்: தற்காப்புக்கு என்று கத்தி வைத்துக்கொள்ளாதீர்கள். வழிமறிப்பவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, பல நேரம் துப்பாக்கியோடு வருகிறார். மடக்குக் கத்தியை எடுத்துப் பிரிக்கிற நேரத்தில், பணத்தோடு போயிருக்க வேண்டிய விஷயம் உயிரில் வந்து நிற்கும். போனைக் கொடுங்கள், பர்ஸைக் கொடுங்கள், கண்ணைப் பார்த்து முறைக்காமல் விலகுங்கள், பிறகு 10111ஐ அழையுங்கள். இன்னொன்று: போலீஸ்காரர் விசாரிக்கும்போது "பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று சொன்னால், மனிதர்மேல் பயன்படுத்தத்தான் கத்தி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க என்பது உண்மையான பதிலாக இருக்க வேண்டும். அதற்கு உங்கள் கத்தியும் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

வேலைக்கு இங்கே பஞ்சமில்லை. டிசம்பரில் டர்பன் பக்கம் லிச்சிப் பழமும் மாம்பழமும் தெருவோரத்தில் குவிந்துகிடக்கும். ஸ்லூஸ்லூவே (Hluhluwe) ஊர்ப் பக்கத்துக் குட்டி அன்னாசி கிடைக்கும். வார இறுதியில் பிராய் என்று கரி அடுப்பு மூட்டி இறைச்சி சுடாத வீடு குறைவு. பில்டாங் என்கிற உப்புக்கண்டத்தை ஆண்கள் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துச் சீவிச் சீவிச் சாப்பிடுவதை அலுவலகத்திலேயே பார்ப்பீர்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் குடு (kudu) என்கிற மான், தீக்கோழி ஆகியவற்றிலும் பில்டாங் உண்டு, கேட்டு வாங்கலாம். வெள்ளிக்கிழமை மாவிலைத் தோரணம், வாழையிலை நறுக்குவது, பூச்சரத்து நூல் அறுப்பது எல்லாம் நம் வேலைகள். இந்த நாட்டில் பையில் கத்தி வைத்திருப்பவரை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை என்பது பெரிய ஆறுதல்.

என் முதல் பரிந்துரை சுவிஸ் பேனாக்கத்தி. விக்டோரினாக்ஸ் நிறுவனம் 1897இல் பதிவுசெய்த அதிகாரிக் கத்தியின் வழிவந்தது. மடித்தால் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்பார்ட்டன் வகையில் இரண்டு அலகு, டப்பா திறப்பான், புட்டி திறப்பான், திருகாணி முனை என்று வீட்டுக்குத் தேவையானது அத்தனையும் இருக்கிறது. அதன் சிவப்புப் பிடியைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது, இது கருவி என்று புரிந்துவிடும். சாவிக்கொத்தில் மாட்டும் 58 மில்லிமீட்டர் கிளாசிக் அலுவலகத்துக்குப் போதும், ஆனால் பழம் நறுக்கப் பற்றாது. கேப் யூனியன் மார்ட் போன்ற முகாம்பொருள் கடைகளிலும் மீன்பிடிக் கடைகளிலும் இவை கிடைக்கும். கையில் எடுத்துத் திறந்து மடித்துப் பார்த்து வாங்குங்கள். அலகு பக்கவாட்டில் ஆடினாலோ, மடிக்கும்போது நடுவில் நிற்காமல் பக்கத் தகட்டில் உரசினாலோ அதை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

இந்த வகைக் கத்திகளில் அலகைப் பூட்டும் வசதி இல்லை, ஒரு வில் மட்டுமே பிடித்திருக்கும். நறுக்குவதற்கு அது போதும். முனையால் குத்தித் திருகினால் கத்தி சட்டென்று மடிந்து விரலில் விழும். தடித்த அட்டை, தோட்டத்துக் கிளை போன்ற கடினமான வேலை இருப்பவர் மட்டும் பூட்டுள்ளதைப் பார்க்கட்டும். பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் எண் கத்தி அப்படி ஒன்று, அலகு 8.5 சென்டிமீட்டர், கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பழம் அறுக்க அதன் மெல்லிய அலகுக்கு ஈடு கிடையாது. ஆனால் பிடி மரம். டர்பனின் ஈரத்தில் மரம் ஊறி, அலகைத் திறக்கவே முடியாமல் இறுகிக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் இந்தத் தொல்லை குறைவு.

ஒக்காப்பியைப் பற்றி நிச்சயம் கேள்விப்படுவீர்கள். மரப்பிடியில் பிறையும் நட்சத்திரங்களும் பதித்து, திறக்கும்போது கடகடவென்று பல் ஓசை எழுப்பும் கத்தி. ஜெர்மனியின் சோலிங்கனில் 1902இல் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்காகச் செய்யத் தொடங்கினார்கள். 1988இல் தயாரிப்பு தென்னாப்பிரிக்காவுக்கே வந்துவிட்டது. விலை மலிவு, கார்பன் எஃகு, சாணை நன்றாக ஏறும், பண்ணை வேலை செய்பவர்கள் நம்பி வைத்திருக்கும் கத்தி. அதே சமயம் நகரங்களில் அதற்கு ரவுடிக் கத்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம், அங்கிள், இதை வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவதைக் கவனிப்பீர்கள். கத்தியின்மேல் குற்றமில்லை. ஆனால் கொண்டுசெல்லும் விதமும் இடமும் எடைபோடப்படும் நாட்டில், புதிதாக வந்தவர் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்கு வேண்டுமென்றால் வாங்கி வீட்டில் வையுங்கள். கரும்பு வெட்டும் கத்தி, பங்கா எனப்படும் அரிவாள் ஆகியவையும் அப்படித்தான். கார் இருக்கைக்கு அடியில் அவற்றுக்கு இடமில்லை.

மடக்குக் கத்தியை மடித்து, பையின் அடியிலோ கால்சட்டைப் பையின் உள்ளேயோ வையுங்கள். இடுப்பில் தெரிகிற மாதிரி செருக வேண்டாம். பேசிக்கொண்டே திறந்து மூடி விளையாடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் மடித்த நிலையில், வலது கையால் கொடுங்கள்; இடது கையை முழங்கையருகே தாங்கிக் கொடுத்தால் சூலு மக்கள் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள், நமக்கும் அந்த முறை புதிதல்ல. சாலைத் தடுப்பில் போலீஸ் நிறுத்தினால் இரு கையும் ஸ்டியரிங்மேல் இருக்கட்டும். கேட்டால் மட்டும் "பையில் ஒரு பேனாக்கத்தி இருக்கிறது, சார்" என்று சொல்லுங்கள், நீங்களாகக் கையை விட்டு எடுக்காதீர்கள்.

கத்தியை வீட்டிலேயே விட்டுப் போக வேண்டிய இடங்கள் உண்டு. முதலில் பள்ளிக்கூடம்: அரசுப் பள்ளிகளை ஆயுதமில்லாப் பகுதியாக 2001ஆம் ஆண்டு விதிமுறைகள் அறிவித்திருக்கின்றன. பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர் தன் பையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் டிபன் பையில் ஆப்பிள் நறுக்கவென்று கத்தி வைத்து அனுப்பவே கூடாது. நீதிமன்றம், அரசு அலுவலகம், கிங்ஸ்மீடிலோ வாண்டரர்ஸிலோ கிரிக்கெட், ஊர்வலம், ஆர்ப்பாட்டம், இரவு நேர மதுக்கடை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே யோசனைதான்.

பராமரிப்பு கடினமில்லை. ஊரில் போல இங்கே சாணை பிடிப்பவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவதில்லை, நாமே செய்துகொள்ள வேண்டும். 1000 எண் சாணைக்கல் ஒன்று வாங்குங்கள். அலகைக் கல்லின்மேல் 15 முதல் 20 பாகை சாய்த்து, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடி விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தாலே மழுங்கல் சரியாகும். எலுமிச்சையும் மாங்காயும் அறுத்த உடனே கழுவித் துடைக்க வேண்டும். கார்பன் எஃகு என்றால் ஒரு ராத்திரி போதும், துரு பிடித்துவிடும். கீலுக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பலரும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுக்கிறார்கள். டர்பனின் கோடையில் சரி, ஆனால் குளிர்காலத்தில், அதுவும் ஜோகன்னஸ்பர்க்கின் ஜூலைக் குளிரில், அது உறைந்து கீலை இறுக்கிவிடும். அப்போது தையல் மெஷின் எண்ணெய் நல்லது, ஆனால் அலகில் பட்டதைத் துடைத்துவிட்டுத்தான் பழத்தில் வைக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்திலோ ஜோகன்னஸ்பர்க்கின் ஓ. ஆர். டாம்போ விமான நிலையத்திலோ கத்தி கைப்பையில் போகாது. டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் போகும் உள்நாட்டு விமானத்திலும் அப்படியே. சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்திதான் அதிகம் பறிபோகிறது, ஏனென்றால் அது கத்தி என்ற நினைவே இருப்பதில்லை. முந்தின நாள் இரவே கழற்றி, சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள்.